ஈருடை இயல்: எடை, ஈயம், நாணம் ஆகிய மூன்றைக் குறித்து

சிறப்புப் பாயிரம்

நூல் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பாயிரம் வேண்டும், சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் விதி. அந்தக் கடனை முதலில் அடைத்துவிடுகிறேன்.

ஆக்கியோன்: மாதம் ஒருமுறை புதுச்சேரிக் கடலில் மூழ்கி எழும் சென்னைக் கணக்கர் ஒருவர், பெயர் சொல்ல நாணம் தடுக்கிறது. வழி: கிழக்குக் கடற்கரைச் சாலை. எல்லை: வடக்கே கழுத்து, தெற்கே கணுக்கால், கிழக்கே தொப்பை எல்லை தாண்டும். நூற்பெயர்: ஈருடை இயல். யாப்பு: முதுகுப்புற ஜிப். நுதலிய பொருள்: உடம்பு இளைத்தால் நாணமும் இளைக்குமா என்பது. கேட்போர்: எக்ஸ்எல்லும் அதற்கு மேற்பட்டோரும். பயன்: இரண்டு கிலோ, விளக்கம் கடைசியில்.

பெயர்க்காரணம்

கடலுக்குள் மூழ்குகிறவர்கள் உடுத்தும் ரப்பர் சட்டையைக் கரையில் எல்லாரும் ‘வெட்சூட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆய்வுக்கு அந்தச் சொல் எடுப்பாக இல்லாததால் ‘ஈருடை’ என்று நானே பெயர் சூட்டினேன். சூட்டிய பிறகுதான் அதற்கு மூன்று பொருள் இருப்பது தெரிந்தது. ஈரமான உடை என்பது ஒன்று. ஈர்த்து ஈர்த்து ஏற்ற வேண்டிய உடை என்பது இரண்டு. இரண்டு உடைகள் என்பது மூன்று: ஒருவருக்கு உண்மையிலேயே பொருந்தும் அளவு ஒன்று, தனக்குப் பொருந்தும் என்று அவர் நம்பும் அளவு இன்னொன்று. மூன்றுமே சரியாக இருப்பதால் எதையும் தள்ளவில்லை.

உடையின் தத்துவம் முதற்பொருளில் இருக்கிறது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடற்சூட்டைப் பறித்துக்கொள்ளும். ஆகவே மூழ்குகிறவர் நனையாமல் இருப்பதே நல்லது என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் வேறு மாதிரி யோசித்தார். நனைந்தால் நனையட்டும், சட்டையின் சதைக்குள் நுண்ணிய குமிழிகள் அடைபட்டிருந்தால் சூடு வெளியே போகாது. டூபான்ட் நிறுவனத்தில் 1930இல் பிறந்த நியோப்ரீன் ரப்பர், நுரை வடிவில் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தது. பிராட்னர் அதற்கு முன் மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்தவர். அணுகுண்டைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. வயிற்றைக் கவ்வும் சட்டையைப் பற்றி நானாவது எழுத வேண்டும்.

மெய்ப்பாட்டு ஆராய்ச்சி

மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியர் வகுத்தார். ஈருடையை உடுத்தும் பதினைந்து நிமிடத்தில் அவற்றுள் ஏழு வரிசை மாறி வந்து போகின்றன.

பாதத்தில் தொடங்குவோம். ரப்பருக்குள் பாதம் நுழையாது. பாலித்தீன் பையைக் காலில் மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்பது இத்துறையின் குருகுல ரகசியம். பாலித்தீன் பைக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை என்பதால் நான் ஊரிலிருந்து மஞ்சப்பை கொண்டுபோயிருந்தேன். மஞ்சப்பை வழுக்காது என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. பக்கத்தில் நின்றவருக்கு நகை; எனக்கு அழுகை. முழங்கால்வரை ஏறியதும் பெருமிதம். தொடையில் நின்றுவிட்டதும் அச்சம். இடுப்பைத் தாண்டியது எப்படி என்பது மருட்கை. முதுகில் இருக்க வேண்டிய ஜிப் தொப்புளுக்கு நேரே இருப்பதைப் பார்த்ததும் வெகுளி. ஏழாவது இளிவரல். எட்டாவதான உவகைக்குக் கரையில் வேலை இல்லை.

இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கினால் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஐந்தாவதாக ‘இறுக்கம்’ என்பதைச் சேர்க்க வேண்டும் என்று பணிவுடன் முன்மொழிகிறேன். அவர் காலத்தில் கொற்கையில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மன்னார் வளைகுடாவில் குளித்தவர்கள் இடுப்பில் ஒரு துண்டோடு, கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தில் அடிக்குப் போனார்கள். படகில் நின்றவர் கல்லை மேலே இழுத்துக்கொண்டார். அவர்களிடம் யாரும் சைஸ் கேட்கவில்லை. எனக்கோ, “டபுள் எக்ஸ்எல் ஒண்ணு எடுத்தா!” என்று கடையின் முன்வாசலில் இருந்து பின்கட்டுக்குக் கூவினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

இளிவரலின் உச்சம் படகில் நிகழ்ந்தது. பெல்ட்டில் ஈயக் கட்டி கோக்கும் தம்பி என்னைப் பார்த்து, “வெயிட் எவ்வளவு சார்?” என்றான்.

நான் குரலைத் தாழ்த்தி, “தொண்ணூத்தி நாலு” என்றேன்.

“ஐயோ சார், ஈயம் எவ்வளவுன்னு கேட்டேன். அவ்வளவு ஈயம் படகுலயே இல்ல.”

எட்டுக் கிலோ கட்டினான். அன்று இரவு பரோட்டாவை விட்டேன்.

ஆய்வு முறை

நாணத்தை அளக்க அலகு எதுவும் இல்லாததால் ஒன்றை வகுத்துக்கொண்டேன். அதன் பெயர் ‘எக்கு’. ஒரு நிமிடத்தில் எத்தனை நொடி வயிற்றை எக்கிப் பிடித்திருக்கிறோமோ அத்தனை எக்கு. உச்ச அளவு 60. அதற்கு மேல் மயக்கம் வரும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆள் ஒருவர், அளந்தவரும் அவரே.

94 கிலோவில் எடுத்த கணக்கு: கடை வாசலில் 40 எக்கு, படகில் 52, குழுப் புகைப்படத்தில் 60. பிறகு பதினொரு மாதம் இரவில் பரோட்டா இல்லை, மாலையில் பஜ்ஜி இல்லை, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி இல்லை. எடை 82 ஆனது. 12 கிலோ குறைந்த பின் எடுத்த கணக்கு: கடை வாசலில் 38, படகில் 51, புகைப்படத்தில் 60.

எடை எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்க, நாணம் ஏன் அசையவில்லை? பழைய சட்டையையே போட்டுக்கொண்டு போனது ஒரு காரணம். முன்பு, “இதுக்குள்ள எப்படிப் போனான்?” என்று பார்த்தார்கள். இப்போது இடுப்பில் மடிப்பு மடிப்பாகத் தொங்கிய ரப்பரைப் பார்த்து, “அண்ணன் சட்டையா சார்?” என்றார்கள். தொளதொளத்த ஈருடைக்குள் கடல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். சூட்டைக் காக்கும் வேலை நடக்காது. இதுவரை அந்த வேலையில் பாதியை என் கொழுப்பு சம்பளமில்லாமல் பார்த்துவந்தது என்பது அன்று பல் கிட்டித்தபோதுதான் புரிந்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூழ்கி மட்டி எடுக்கும் ஹேன்யோ பெண்கள், 1970களில் ரப்பர் சட்டை வரும்வரை பருத்தி உடையோடு கடுங்குளிரிலும் கடலில் இறங்கினார்கள். குளிர்காலத்தில் அவர்கள் உடம்பு தானாகவே கூடுதல் சூட்டை உண்டாக்கியதை 1960களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ரப்பர் வந்த சில ஆண்டுகளில் உடம்பு அந்த வித்தையை மறந்துவிட்டது. அவர்கள் உடம்பு தன் வேலையைச் சட்டையிடம் ஒப்படைத்தது. நானோ சட்டையையும் தளரவிட்டு, கொழுப்பையும் வேலையைவிட்டு நீக்கியிருந்தேன்.

ஈயக் கணக்கு

இளைத்ததைக் கரை ஒப்புக்கொள்ளவில்லை. கடல் எப்படிக் கணக்குப் பார்க்கிறது?

கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.9 கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. நான் இழந்த 12 கிலோவும் கொழுப்பே என்று என்மேல் உள்ள அன்பால் வைத்துக்கொள்வோம். அது 13.3 லிட்டர் இடத்தை அடைத்திருந்தது. அந்த இடத்தை நிரப்பும் கடல்நீரின் எடை 13.7 கிலோ. கழித்தால் மிஞ்சுவது 1.7 கிலோ. அதாவது அந்தத் தொப்பை என்னை மேலே தூக்கிப் பிடித்த பலம் அவ்வளவுதான். அதை அமுக்கத்தான் கூடுதல் ஈயம் கட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மாதத் தவத்துக்குக் கடல் எழுதிய மதிப்பெண் 1.7. எங்கள் படகில் ஈயக் கட்டி முழுக் கிலோவாக இருப்பதால் திருத்தி எழுதினால் இரண்டு.

தண்ணீரில் எடை போட்டுப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆழ்கடல் மருத்துவத்தில் ஊறிய அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்க்கியும் உடனிருந்தவர்களும் 1942இல் அதை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரை நீருக்குள் அமிழ்த்தி நிறுத்தார்கள். அவர்களில் 17 பேர் உயர எடைப் பட்டியல்படி படைக்கு லாயக்கில்லாத பருமன்கள். தண்ணீரோ அவர்களில் பெரும்பாலோரின் எடை தசையால் வந்தது என்றது. பட்டியல் பருமன் என்றதைத் தண்ணீர் பலம் என்றது. ஆடையகக் கண்ணாடியை நம்பி வாழும் நமக்கு இதைவிட ஆறுதலான ஆய்வு வேறு இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். ஈருடைக்குள் இருக்கும் குமிழிகள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். பஜ்ஜியை விடாமலே சட்டை பத்து மீட்டரில் இளைத்துவிடுகிறது. ஆனால் மேலே வந்ததும் பழையபடி பருத்துவிடும். அந்த வகையில் அது நம் இனம்.

நீரடி அளவீடு

கடைசியாகப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் எக்கை அளக்கப் போனேன். அளவு சுழி. அடுத்த முறையும் சுழி. கருவியில் கோளாறு என்று நினைத்துப் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 94 கிலோவிலும் நீரடி அளவு சுழிதான்.

காரணம் பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் இருக்கிறது. காற்றுத் தொட்டியோடு மூழ்குகிறவர் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும். வயிற்றை எக்கிப் பிடிக்க வேண்டுமானால் மூச்சை அடக்கியாக வேண்டும். ஆகவே கடலுக்கடியில் நாணுவது பாதுகாப்பு விதிகளுக்குப் புறம்பானது. பாயிரத்தில் கேட்ட வினாவுக்கு விடை இதுதான்: நாணம் கரைவாழ் உயிரி. எடையோடு அதற்கு உறவில்லை, காற்றோடு உண்டு.

தடைவிடை

தடை ஒன்று: முகமூடிக் கண்ணாடி வழியே நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியுமே, தொப்பையும் பெருத்துத் தெரியாதா? விடை: தெரியும். ஆனால் மீன், பாறை, பயிற்றுநர் எல்லாமே அதே விகிதத்தில் பெருப்பதால் ஊரோடு ஒத்துப்போய்விடும்.

தடை இரண்டு: முகம் சிவந்து காட்டிக்கொடுக்காதா? விடை: கடல்நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. சில மீட்டர் இறங்கினாலே அது மங்கிவிடும். மேலும் என் நிறத்தில் சிவப்பைக் கண்டறிய வெயிலிலேயே தனிப் பயிற்சி வேண்டும்.

தடை மூன்று: பிறர் கேலி பேசினால்? விடை: வாயில் ரெகுலேட்டர். கைச்சாடையில்தான் பேச்சு. ‘மேலே போ’ என்பதற்குச் சாடை உண்டு, ‘காற்று குறைவு’ என்பதற்கு உண்டு; தொப்பைக்கு இல்லை.

முடிவுரை

இளைத்த பின் முதல் முறை இறங்கியபோது பழக்கத்தில் எட்டுக் கிலோவையே கட்டிக்கொண்டேன். கிணற்றில் போட்ட அம்மிக்கல்லாக அடிக்குப் போய், மணலைக் கிளப்பி, உடன் வந்தவர்களின் கண்ணை மறைத்தேன். படகுக்கு ஏறி வந்ததும் பெல்ட்டைக் கழற்றினேன். அதே தம்பி அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தான். என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

“இளைச்சிட்டீங்க சார். இனிமே ஆறு போதும்.”

இரண்டு கட்டிகளை உருவி வாளியில் போட்டான். ணங், ணங் என்று இரண்டு சத்தம். பாயிரத்தில் சொன்ன பயன் அதுதான்.

ஆய்வாளனுக்கு உரிய நேர்மையோடு ஒரு குறையையும் பதிவுசெய்ய வேண்டும். படகில், அத்தனை பேர் நடுவில், ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு நின்ற அந்த நிமிடத்தில் எத்தனை எக்கு என்று குறித்துவைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.