பாத்துப் போட்டுக் குடுங்க சார்

பட்டம் வாங்கின புள்ள நீ, ஒனக்குப் புத்தி சொல்ல நான் யாரு? அஞ்சாம் வகுப்போட மலைக்கு ஏறின ஆளு. ஆனாலும் கொழும்புல நேர்முகப் பரீட்சைனு கேள்விப்பட்டதும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க?"னு கேப்பாங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு, "பாத்துப் போட்டுக் குடுங்க சார்"னு சொல்லிரு. அவரு நல்லாவே பாப்பாரு, அவரோட வேலையே அதுதானே. நம்ம முப்பாட்டன்மாருக்கும் இப்படித்தான் பாத்துப் போட்டாங்க. கடனத் 'துண்டு'ல எழுதி ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாத்துனாங்க. 1921லதான் அது ஒழிஞ்சுச்சு. 1927ல குறைஞ்சபட்சக் கூலிக்குச் சட்டம் வந்துச்சு. பாத்துப் போடுறவங்க மேல வெள்ளக்கார அரசாங்கத்துக்கே நம்பிக்க இல்ல பாரு!

மாசம் எம்பதாயிரம்னு சொன்னதும் பல்லக் காட்டிராத, மொத்தத்த மட்டும் நம்பாத. 2016ல தேயிலத் தோட்டத்துல நம்ம நாள் சம்பளம் 730 ரூவானு ரேடியோவே சொல்லுச்சு. பிரிச்சுப் பாத்தா அடிப்படை 500தான். ஒழுங்கா வேலைக்கு வந்தா 60, அவங்க கேட்ட கிலோ கொழுந்தப் பறிச்சா 140, விலைக்கேத்த பங்குன்னு 30. நம்ம கித்துல்கலயில மழ பேயாத மாசம் ஏது? கிலோ கொறஞ்ச அன்னிக்கு அந்த 140, களனி ஆத்துல ரப்பர் படகுல போற சுற்றுலாக்காரன் மாதிரி கூச்சல் போட்டுக்கிட்டே போயிரும்.

2019 ஜனவரியில கூலிக்குப் புது ஒப்பந்தம். மொத்தம் 750. "ஆயிரம் கேட்டா இருவது ரூவாயக் கூட்டுறானுங்க"னு லயத்துக்கு லயம் திட்டுனாங்க. திட்ட வேண்டியதுதான், நானும் திட்டுனேன். ஆனா உள்ளுக்குள்ள ஒன்னு நடந்துச்சு. வரவுக் காசையும் கிலோக் காசையும் தூக்கிட்டு அடிப்படைய 700 ஆக்குனாங்க. ஊழியர் சேமலாப நிதிக்கு நமக்குக் கணக்கு அந்த அடிப்படையிலதான். நாள் கூலியில கூடுனது இருவது, கண்ணுக்குத் தெரியாம கூடுனது அதுக்கு மேல. ஆயிரம்னு ஒன்னு வர 2021 மார்ச் ஆச்சு. அதுவும் 900ம் 100மா ரெண்டு துண்டாத்தான்.

ஒனக்கும் துண்டு போட்டுத்தான் தருவாங்க. அடிப்படை 40,000, மிச்சம் போக்குவரத்து, ஊக்குவிப்புன்னு அழகான பேருங்க. அடிப்படைக்கு மட்டும் கணக்குப் போட்டா சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுற 12 வீதம் 4,800. எம்பதாயிரமும் அடிப்படையா இருந்தா 9,600. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவரு கட்டுற 3 வீதமும் அதே கணக்குலதான் தேயும். அஞ்சு வருசம் தாண்டினா வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் பணிக்கொடை உண்டு. அங்கயும் அந்த அழகான பேருங்க கூட வராது. அதனால "மொத்தம் எவ்வளவு?"னு கேக்காத, "அடிப்படை எவ்வளவு சார்?"னு கேளு. கேட்டதும் அவரு முகத்தப் பாரு, சினிமாவுக்குக் குடுக்குற காசு மிச்சம்.

இன்னொன்னு. ஆயிரம் கேட்டவனுக்கு 750 கெடச்சுச்சு. 750 கேட்டிருந்தா என்ன கெடச்சிருக்கும்? நீ பொருளாதாரம் படிச்சவ, நீயே சொல்லு. ஒனக்கு எம்பது வேணும்னா எம்பதுன்னு வாயத் தொறக்காத.

"தகுதிகாண் காலம் முடியட்டும், அப்புறம் சேமலாப நிதி போடலாம்"னு யாராச்சும் இழுத்தா கோவப்படாத. சிரிச்சுக்கிட்டே, "மொத நாள்லருந்தே போடணும்னு எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கே தெரியுமே சார்"னு சொல்லு. கணக்கப்பிள்ள மேல இருக்கிற மரியாதையில சொல்றதா நெனச்சுக்குவாரு.

ஆறு மாசத்துல கூட்டித் தர்றோம்னு கட்டாயம் சொல்லுவாங்க. ரொம்ப நல்லதுன்னு சொல்லிட்டு, அத நியமனக் கடிதத்துல ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. யோசிச்சா, பாவம், கை வலிக்குது போலன்னு நெனச்சு பேனா மூடியக் கழட்டி நீயே நீட்டு.