கோணல் மூஞ்சியின் இன்றியமையாமை: குண்டலுபேட்டைப் பூசணியை முன்வைத்து ஓர் ஆய்வு

அக்டோபர் 31 அன்று மேல்நாட்டார் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கிறார்கள். ஹாலோவீன் என்று பெயர். இதைக் கேள்விப்பட்டதும் ‘இதென்ன கூத்து’ என்று சிரிக்கிற நம்மவர், சிரித்து முடித்துத் தலையைத் தூக்கினால், எதிரே கட்டி முடியாத வீட்டின் மாடியிலிருந்து மீசை வைத்த பூசணிக்காய் ஒன்று உறியில் தொங்கியபடி அவரையே முறைத்துக்கொண்டிருக்கும். எது எதற்கு முந்தியது, யார் யாரிடம் கற்றது என்ற வழக்கமான சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. அதற்கென்றே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்கறை அந்த மூஞ்சியோடு நின்றுவிடுகிறது. பயமுறுத்த வேண்டிய முகம் வீட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும், செய்தது கோணலாகவும் இருக்க வேண்டும் என்பதே இங்கு நிறுவப்படும் கருதுகோள். ஆய்வுக்களம் குண்டலுபேட்டை. 1997 வரை மைசூர் மாவட்டம், அதன்பின் சாமராஜநகர் மாவட்டம். மைசூரிலிருந்து வரும் சாலை ஊட்டிக்கும் கோழிக்கோட்டுக்குமாகப் பிரிகிற இடம் என்பதால் மூன்று மாநிலத்துக் கண்களும் இந்த ஊர்மேல் விழுந்தபடி இருக்கின்றன. கண்ணேறு பற்றி ஆராய இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது.

முதலில் காயை அடையாளம் காண வேண்டும். ஹாலோவீன் காய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸுக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. வந்த வழியைப் பெயரிலேயே சுமந்துகொண்டு நம்மிடம் பரங்கிக்காய் ஆயிற்று. உறியில் தொங்குவது அதுவல்ல, வெண்பூசணி. கல்யாணப் பூசணி, சாம்பல் பூசணி என்றும் சொல்வார்கள். குண்டலுபேட்டைச் சந்தையில் அது ‘பூது கும்பளகாயி’. பூது என்றாலும் சாம்பல்தான். காயின் மேல் மாவு பூத்தாற்போல் படிந்திருக்கும் அந்தச் சாம்பலைப் பற்றித் திராவிட மொழிகள் ஆழமாகவே சிந்தித்திருக்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று தமிழ்ப் பழமொழி காயின் அளவை மட்டும் வைத்து வாதாடிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. கன்னடப் பழமொழியோ தடயவியலில் இறங்குகிறது: ‘பூசணிக்காய்த் திருடன்’ என்று பொதுவாகச் சொன்னதுமே ஒருவன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டானாம். தோளில் ஒட்டிய சாம்பல் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பதற்றம். இந்தச் சாம்பல்தான் என் ஆய்வுக்கு மூலப்பொருள். கரியைக் குழைத்து அதன்மேல் கண் வரையப் போனால் விரல் வழுக்கும். துணியால் துடைத்தால் துடைத்த இடம் பச்சை, துடைக்காத இடம் வெள்ளை. இடது கண் பச்சையில் பளிச்சென்று விழ, வலது கண் சாம்பலில் சிக்கிப் பாதியிலேயே உதிர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட வலது கண்ணைப் பெரிதாக்குவார்கள். பெரிதான கண்ணுக்கு ஈடாக மீசை மேலே ஏறும். மீசை ஏறியதால் காலியான இடத்தில் நான்கு பல் கூடுதலாகச் சேரும். கடைசியில் கிடைப்பது யாராலும் திட்டமிட்டு வரைய முடியாத ஒரு முகம்.

இதற்கு ஒத்த சான்று கடல்கடந்தும் கிடைக்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆதியில் குடைந்தது பூசணியை அல்ல, டர்னிப் கிழங்கை. கல் மாதிரிக் கடினம், கைப்பிடி அளவு. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டோனிகால் வட்டாரத்து டர்னிப் பேய்முகம் ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. குழிந்த கண்ணும் இளித்த பல்லுமாக, வியாதியில் செத்தவர் எழுந்து வந்து கடன் கேட்கிற முகம் அது. பிழைக்கப்போனவர்கள் அமெரிக்காவில் பூசணியைக் கண்டார்கள். பெரிய காய், கத்தி இறங்கச் சுலபம். கத்தி சுலபமாக இறங்கியதும் கோடு நேரானது, கோடு நேரானதும் பேய் புன்னகைக்க ஆரம்பித்துவிட்டது. அதன்பின் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பூசணி வந்தது. அதைக் கண்டு குழந்தை பயப்படுவதில்லை, மிட்டாய் வாங்க அதையே வாளியாகத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆக, காய் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு முகம் பயங்கரமாகும் என்று ஒரு விதியே வகுத்துவிடலாம்.

கோணலுக்குக் காரணம் சாம்பல் அல்ல, வரைகிறவருக்கு வரையத் தெரியாததுதான் என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். அவரை அதே வீட்டு வாசலைப் பார்க்கச் சொல்வேன். புள்ளி ஒன்று பிசகாமல் விடியற்காலையில் ரங்கோலி போட்ட கை அது. தசராவுக்குப் பட்டத பொம்பை என்னும் ராஜா ராணி மரப்பொம்மைகளை நடுவில் நிறுத்தி, படிக்கட்டில் மற்ற பொம்மைகளை நூல் பிடித்தாற்போல் அடுக்குவதும் அதே கைதான். அந்தக் கை பூசணியிடம் வந்ததும் தவறுகிறதென்றால் தவறு கையுடையதாக இருக்க முடியாது. இன்னொருவர், திருஷ்டிப் பூசணி பயமுறுத்துவதற்கே அல்ல, வருகிற பார்வையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளத்தான் என்பார். ஒப்புக்கொள்கிறேன். சீரான முகத்தைக் கண் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த ஜன்னலுக்கு, அங்கிருந்து புதுக் கிரானைட்டுக்கு, நகர்ந்துவிடும். கோணல் முகத்திடம்தான் ‘இது என்னடா இது’ என்று நிற்கும். எந்தச் சித்தாந்தப்படி பார்த்தாலும் கோணலுக்கே வெற்றி.

கனமான ஆட்சேபம் லாரிக்காரர்களுடையது. கடையில் வாங்கிய சீரான ராட்சச முகத்தை பம்பரில் கட்டிய லாரிகள் குண்டலுபேட்டை வழியாகச் சுகமாகத்தானே போய்வருகின்றன? இங்கே ஒரு தரவுப் பிழை இருக்கிறது. அந்த லாரிகள் போக வேண்டிய பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்படுகிறது. ஆம்புலன்சும் சில பஸ்களும் தவிர வேறு வண்டிக்கு வழியில்லை. விலங்குகள் அடிபடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆக, பேய் புழங்குகிற நேரம் முழுவதும் அந்த ராட்சச முகம் செக்போஸ்ட்டில் டிரைவரோடு சேர்ந்து தூங்குகிறது. பரீட்சைக்கே போகாத பிள்ளை தேறிவிட்டான் என்று எப்படிச் சொல்வது?

நெல்லிக்காய் விளக்கு மட்டும் என் விதிக்குச் சற்றுத் தொல்லை தருகிறது. தீபாவளி அமாவாசை கழிந்த பன்னிரண்டாம் நாள், உத்தான துவாதசியன்று, கன்னட நாட்டில் துளசிக்குக் கல்யாணம் செய்கிறார்கள். துளசி மாடத்தில் நெல்லிக் கிளையை நட்டு, நெல்லிக்காயின் தலையைச் சீவிக் குழி தோண்டி, நெய்யும் திரியும் இட்டு ஏற்றுகிறார்கள். குடைந்த கனிக்குள் விளக்கு. ஹாலோவீனை ஒட்டியோ, அதற்குச் சில வாரம் கழித்தோ வரும். குடைவதற்கு டர்னிப்பைப் போலவே முரண்டு பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. காரணம், அதற்கு முகம் இல்லை. பயம் கனியிலும் இல்லை, விளக்கிலும் இல்லை, முகத்தில்தான் என்பதற்கு இதையே சான்றாக மாற்றிக்கொள்கிறேன். விளக்குக்குப் போக மிஞ்சிய நெல்லி உப்புத் தண்ணீருக்கும் மிளகாய்த் தூளுக்கும் போகிறது. அதைப் பருவகாலப் ‘பெர்ரி’ என்று அழைக்க முடியாது. நடுவில் கொட்டை இருப்பதால் தாவரவியல் ஒப்பாது. அந்தச் சாத்திரப்படி உண்மையான பெர்ரி பூசணிக்காய்தான். ஆயுதபூஜையன்று நடுரோட்டில் உடைபட்டு, குங்குமம் வழியக் கிடந்து, பின்னால் வருகிற ஸ்கூட்டரைச் சறுக்கிவிடுவது உலகின் மிகப் பெரிய பெர்ரிகளில் ஒன்று.

வயல்பக்கம் நிலைமை கவலைக்கிடம். சூரியகாந்தி பூத்த நாட்களில் கிளியை விரட்டப் பழைய சட்டையும் கவிழ்த்த சட்டியுமாகப் பெதருபொம்பை நிற்கும். கன்னடத்தில் அதற்கு ‘மிரட்டும் பொம்மை’ என்றே பொருள். கிளி மிரள்கிறதோ இல்லையோ, ஓணத்தை ஒட்டிப் பூப் பார்க்க வரும் கூட்டம் மிரள்வதில்லை. பூவுக்கு நடுவே நின்று போட்டோ எடுக்கிறது. அவர்களிடம் காசு வாங்குகிற விவசாயிகள் பொம்மையைவிடத் தெளிவாகச் சிந்திக்கிறார்கள். இன்னும் ஒரு தரப்பு பாக்கி. காட்டு விளிம்பில் இரவு இறங்குகிற யானை, எவ்வளவு கோணலாக வரைந்த பூசணியானாலும், கண், மீசை, கூடுதல் நான்கு பல் எல்லாவற்றோடும் சேர்த்துத் தின்றுவிடும். யானை கண்ணேறு வைப்பதாக எந்தச் சாத்திரத்திலும் நான் படித்ததில்லை. ஆகையால் அதை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்திவைக்கிறேன். சோலார் வேலிக்கு வெளியே நிற்காதது இதற்கு மட்டும் நிற்குமா என்பது வேறு விஷயம்.