மொட்டை மாடி மந்திரவாதி

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நாலு பேர் டீ கிளாஸோடு நின்றால், அதில் ஒருவர் மற்ற மூவருக்கும் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அரசியல், சில நாள் சர்க்கரை நோய்.

நான் சொல்லவந்தவன் இதில் தனி ரகம். முப்பதை நெருங்கும் வயது, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, அளவாகக் கத்தரித்த தாடி, சட்டைப் பையில் இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஞாயிறு மாலையானால் இவன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடுவார்கள். "கதவை உடைக்கிறேன்!" என்று ஒருவன் கத்துவான். "இரும்புக் கதவு, உருட்டு" என்பான் இவன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போய்த் தன் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் காலை அவர், "தம்பி, மேல அப்படி இன்னாதான் பண்றீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர் ஆபீசுக்கு லேட்.

கேட்டதும் ஆட்டத்தைச் சொல்லிவிட மாட்டான். 1974-ல் ஆரம்பிப்பான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். அதில் லேக் ஜெனிவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்று ஒருவர். இன்சூரன்ஸ் வேலை போய், வீட்டிலேயே ஷூ பழுது பார்த்துப் பிழைத்தவர். மேசை மேல் பொம்மைச் சிப்பாய்களைப் பரப்பிப் போர் ஆட்டம் ஆடுவதில் பைத்தியம். மின்னசோட்டாக்காரர் டேவ் ஆர்னெசனுக்கும் அதே பைத்தியம். அவர்தான், முழுப் படையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரே ஒரு வீரனாகக் குகைக்குள் இறங்கினால் என்ன என்று ஆடிப் பார்த்தவர். இருவரும் சேர்ந்து செய்ததுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதலில் போட்டது 1,000 பெட்டி, பெட்டி 10 டாலர். இவ்வளவும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்: "ஷூ தைக்கிறதுல மாசம் இன்னா வந்திருக்கும்?"

அவன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதை நான் சுருக்கிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். ஒவ்வொருவருக்கும் பலம், லாவகம், உடல்வலு, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு மதிப்பெண். நடத்துபவர், "எதிரில் ஆறு, பாலம் இடிந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பார். தாண்டுகிறேன் என்றால் பகடை. மதிப்பெண்ணுக்கு ஏற்ற கூடுதலையும் சேர்த்து, சொன்ன எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அக்கரை, குறைந்தால் ஆற்றில். அவ்வளவுதான்.

ஆனால் இதை அவன் அம்மாவிடம் யார் சொல்வது? பகடையைப் பார்த்ததுமே அவருக்குச் சகுனி ஞாபகம் வந்துவிட்டது. 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இது சாத்தான் வழிபாடு என்று சொல்லிப் பெரிய கலவரமே செய்தார்கள். இந்த அம்மாவுக்குச் சாத்தானைப் பற்றிக் கவலையில்லை, துட்டைப் பற்றித்தான். "காசு வெச்சு ஆடலம்மா" என்று இவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். அம்மாவின் முகம் இன்னும் வாடியது. "காசும் இல்லாமயா நாலு மணி நேரம்?"

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா மாமாவிடம் வேறு விதமாகப் பிடிபட்டான். மாமா தினமும் இரும்புக் குண்டு வீசும் பெத்தாங் ஆடுகிறவர். அதில் 13 பாயிண்ட் எடுத்தவன் ஜெயித்தான், மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

"இதுல யார்ரா ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க மாமா. எல்லாரும் ஒரே கட்சி."

"எப்ப முடியும்?"

"முடியவே வேணாம். வருஷக் கணக்கா ஆடுறவங்க இருக்காங்க."

மாமா கொஞ்சம் யோசித்தார். "பதினஞ்சு வருஷம் ஆடினா பென்ஷன் உண்டா?"

இப்படி அடிபட்டு அடிபட்டு இவனும் உள்ளூர் ஆயுதங்களை எடுக்கக் கற்றுக்கொண்டான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லையா, வருகிற ராஜாவை நீ யார் என்று கேட்டு, நடுவில் காவல்காரனாகி, தூதனாகி, ஜனங்களோடும் பேசி ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு போகிறவன்? அதுதான் நான் என்பான். என்னைக் கேட்டால், ஐம்பது வருஷமாக இந்த ஆட்டத்துக்கு எவரும் சொல்லாத நல்ல விளக்கம் அது. டீக்கடைக்காரருக்கு அது போதவில்லை. "கூத்துல கிரீடம் வெச்சிருப்பாங்க. நீங்க எல்லாம் அரை டவுசர்ல உக்காந்திருக்கீங்களே தம்பி."

கடைசி அஸ்திரம் பாரதியார். 1908 முதல் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தவர். முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பில்தான் 'குயில் பாட்டு' பிறந்தது என்பார்கள். பேசும் குயில், அது காதல் மொழி பேசும் குரங்கு, மாடு, முற்பிறவி ரகசியம் சொல்லும் முனிவர். "இதுல ஒரு பகடையைச் சேத்தா நம்ம ஆட்டம்!" என்று மேசையைத் தட்டுவான். பாரதியார் பெயர் வந்துவிட்டதால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதுதான் வெற்றி என்று எண்ணிக்கொள்வான்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்: இவனுக்கு ஆட்டத்தைவிட விளக்கம்தான் பிடிக்குமோ என்று. கேட்பவருக்கு நிஜமாகவே புரிந்து, 'நானும் வரட்டுமா' என்று கிளம்பிவிட்டால் என்ன ஆவான்?

இவனுடைய ஆயா கிளம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தது. காயவைத்த வடகத்தை எடுக்க மாடிக்கு வந்தவரை நண்பர்கள் விளையாட்டாக உட்காரவைத்தார்கள். திருடி பாத்திரம்தான் மிச்சம். "நம்ம வம்சத்துலயே கெடையாது" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, தறிக்காரி என்று எழுதி, உடல்வலு 16 போட்டுக் கொடுத்தான்.

குகைக்குப் போகும் வழியில் ஒரு சத்திரம். ராத்தங்க ஐந்து பொற்காசு என்றான் இவன், சத்திரக்காரன் குரலில். அது இரண்டு நிமிஷத்தில் கடந்துபோக வேண்டிய சத்திரம். ஆயா சின்ன மார்க்கெட்டில் நிற்பதுபோல் இடுப்பில் கை வைத்தார். பேரம் நடந்தது. உருட்டச் சொன்னான்; இருபது விழுந்தது. இரண்டு காசுக்கு அறை, ராத்திரிக்குக் கஞ்சி இலவசம். அதோடு விட்டாரா? உனக்கு எத்தனை பிள்ளைங்க, பெரியவளுக்கு எத்தனை வயசு, ஏன் இன்னும் கட்டிக் குடுக்கல என்று சத்திரக்காரனைக் குடைந்தெடுத்தார். குகைக்கு வரைபடம் போட்டு, பொறி பொறியாக யோசித்து வைத்திருந்தவன், இப்போது இல்லாத பெண்ணுக்கு இல்லாத மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தான். நண்பர்கள் போன்களை ஓரம் வைத்துவிட்டு ஆயா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளை அமைந்தது. எதிர் வீட்டு அம்மாக்கள் இருவரும் முறத்தோடு மாடிக்கு வந்துவிட்டார்கள். ஆயா வாள்வீரனாக இருந்த பையனைக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு நாலு சவரனாச்சும் போடணும். அந்தக் குகையில தங்கம் கெடக்குதுன்னானே, போயி எடுத்துகினு வாங்க."

நம் ஆளுக்கு உயிர் வந்தது. வரைபடக் கட்டை அவசர அவசரமாகப் பிரித்தான். "ஆயா, நீங்களும் போகணும். உங்க ஆளும் கூட்டத்துல ஒண்ணுதான்."

"எனக்கு முட்டி வலி."

"ஆட்டத்துல வலிக்காது ஆயா. உடல்வலு 16 எழுதியிருக்கேன்."

"எழுதினவன் நீ" என்று ஆயா வெற்றிலையை மடித்தார். "நடக்கறவ நானா?"