மட் டயர் அண்ணன்

கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், மட் டயர் அண்ணன் முதலில் குசலம் விசாரிப்பது வாசலில் நிற்கும் வாகனங்களைத்தான். மனிதர்கள் அப்புறம். வந்ததும் குந்திவிடுவார். கட்டைவிரல் நகத்தால் ரப்பரில் ஓர் அழுத்து. பிறகு போன் டோர்ச்சை அடித்து, டயரின் பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடுவார். 2317 என்று இருந்தால், 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அவ்வளவுதான். அண்ணனுக்கு அது ஜாதகம். பிறந்த வாரத்தைப் படித்த கையோடு ஆயுளையும் கணித்துவிடுவார்.

"யாரு வண்டி இது? ரப்பர் கல்லாட்டம் ஆகிருச்சே! இதுலயா புள்ளைகள ஏத்திக்கிட்டு பெரகலை மலையில எறங்குறீங்க?"

பந்தியில் உட்கார்ந்திருக்கும் வாகனச் சொந்தக்காரருக்கு அதற்கப்புறம் பாயாசம் இறங்காது. மாப்பிள்ளை கார் என்றும் பார்க்கமாட்டார். பூமாலையை ஒதுக்கிவிட்டுத் தேதி பார்ப்பார். ஒரு சாவு வீட்டில் பிரேத வண்டியின் பின் டயரை அமுக்கிப் பார்த்து, "மயானம் வரைக்கும் தாங்கும்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது ஆறுதலா எச்சரிக்கையா என்று விளங்கவில்லை. திருவிழாவில் ட்ரக்டர் பெட்டியில் சாமி ஊர்வலம் வரும்போது எல்லோரும் அண்ணாந்து கும்பிடுவார்கள். அண்ணன் மட்டும் குனிந்து கும்பிடுவார். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாமி நகர்ந்ததும், "முன் டயர் ரெண்டும் வேற வேற கம்பனி" என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது சரி. ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் வயசாகி இறுகும், வெடிக்கும், மழை ரோட்டில் பிடி விடும். பிழையாகப் பேசுகிறவரை நாலு வார்த்தை சொல்லி அடக்கலாம். சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

அவருடைய ஜீப்புக்கு வருவோம். 4டீஆர்5 எஞ்சின் பூட்டிய பழைய மிட்சுபிஷி. அதன் கீழே 31 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலத்தில் நாலு மட் டெரெய்ன் டயர். விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சாதாரண ஆட்கள் மறுபடியும் கார் இறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. புது வண்டி வாங்க வழியில்லாத அந்த ஐந்து வருஷத்தில், கைப்பிடித்த ஜீப்புக்கே அலங்காரம் செய்து பார்க்கும் ஒரு பரம்பரை மலைநாட்டில் உருவானது. பதுளையில் அதற்கு அண்ணன்தான் தலைவர்.

இந்த டயர் விஷயத்தில் அப்படியொன்றும் பெரிய மர்மம் கிடையாது. தார் ரோட்டுக்கு ஹைவே டெரெய்ன். தாரும் மண்ணும் கலந்து ஓடுகிறவர்களுக்கு ஓல் டெரெய்ன். சேற்றிலேயே கிடக்கிறவர்களுக்கு மட் டெரெய்ன். மட் டயரில் கட்டைகள் பெரிசு, இடைவெளியும் பெரிசு. சேறு அந்த இடைவெளியில் புகுந்து, சக்கரம் சுற்றும்போது வெளியே எறியப்படும். அதனால் சேற்றில் ராஜா. ஆனால் அந்த இடைவெளி அளவுக்குத் தார் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. மழையில் பிரேக் பிடித்தால் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். சத்தம் கூட, பாரம் கூட, டீசலும் கூட. பத்து நாளில் ஒன்பது நாள் தாரில் ஓடுகிறவன் ஓல் டெரெய்ன் போடுவதே புத்தி.

அண்ணன் பத்து நாளும் தாரில் ஓடுகிறவர். ஹாலிஎல வீட்டிலிருந்து பசார் வீதிக் கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. முழுக்கக் காபட் போட்ட ஏ5 வீதி. விடிய ஐந்து மணிக்கு அவர் புறப்பட்டால் ஹெலிகொப்டர் இறங்குகிற மாதிரி எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். உயரமான டயர் பூட்டியதால் மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். "நாப்பதுலதான் வந்தேன்" என்று அவர் சத்தியம் செய்வது பொய்யில்லை, கணக்கில் சேராத உண்மை. முடக்கில் ஸ்டேரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று கத்தும். அதனால் பஸ் ஒரே வெட்டில் திரும்பும் முடக்கிலும் அவர் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்புவார். பின்னால் நாங்கள் வரிசையில் நிற்போம். 2022இல் கியூஆர் காட்டி, காருக்கு வாரம் 20 லீட்டர் என்று எண்ணெய் அளந்து கொடுத்த காலத்திலும் அந்த டயரைக் கழற்றவில்லை.

சேற்றைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போவார். மடூல்சீமையில் சின்ன உலக முடிவைப் பார்க்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். மண் ரோடு தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மற்றவர்களுடைய வண்டியில் ஏறிக்கொண்டார். "புது டயர், தம்பி. கல்லு கிழிச்சிரும்."

மனுஷனை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். வழுக்கை டயரோடு மழையில் லொறி ஏற மறுக்கும்போது, சக்கரத்துக்குக் கீழே சாக்கை விரித்து விரித்து நகர்த்துவாராம். சாக்குப் போடப் போனது பத்து வயது அண்ணன். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் யாருடைய டயரையும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தத் தோட்டத்து ரோடு இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் சகதி. ரீபில்ட் டயரில் கொழுந்து லொறி அதில்தான் ஏறுகிறது. நாலு அங்குல அகல டயர் பூட்டிய ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதில்தான் ஏறுகிறது. பிரசவ வலி வந்தவளும் அதில்தான் இறங்கவேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவை 2018இல் திருத்தினார்கள். சட்டம் இறங்கி வந்துவிட்டது, தார் வரவில்லை. தோட்டக் கம்பனியைக் கேட்டால் சபையைக் காட்டுகிறது, சபையைக் கேட்டால் நிதியைக் காட்டுகிறது. நாங்களோ எந்த டயர் போட்டால் ஏறலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ரோடு சரியில்லை என்று எவனும் சொல்வதில்லை. டயர் சரியில்லை என்கிறோம். இந்தப் பேச்சை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் அண்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாசம் அந்த ரோட்டுக்காக ஒரு பெட்டிசம் எழுதினோம். டவுனில் நாலு பேருக்குத் தெரிந்த மனுஷன் என்று அண்ணனிடமும் கொண்டுபோனோம். இரண்டு முறை வாசித்தார். பேனாவை மூடினார்.

"சைன் வைக்கிறது பெருசில்ல, தம்பி. அந்த ரோட்டுக்கும் காபட் போட்டுட்டாங்கன்னா, இந்த டயர வச்சிக்கிட்டு நா என்னா செய்யிறது?"

பயப்படாதீங்கண்ணே என்றேன். இந்தக் கடுதாசி மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள் இந்த செட் தேய்ந்து, அடுத்த செட்டும் வாங்கிப் பூட்டிவிடலாம். அந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போட்டார்.