பையா, பையனா?

பெறுநர்: மாட்சிமை தங்கிய மோட்டார் வாகனச் சட்டம், 1988 அவர்கள், புது டெல்லி.
அனுப்புநர்: ஊட்டிப் பக்கத்து லவ்டேல் ஸ்கூட்டர்க்காரன் ஒருவன்.
பொருள்: என் கிட்பேக்கை ஓர் ஆளாக அறிவிக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் 128ஆம் பிரிவு நலமா? டூ வீலரில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஆகாது என்று சொல்லும் அந்தப் பிரிவை போன ஞாயிறு காலை நேரில் தரிசிக்கும் பாக்கியம் பெற்றேன்.

மேட்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான், பின்னால் அக்கா மகன், நடுவே கிட்பேக். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம், கூடவே தூறல். மட்டை ஈரம் குடித்துவிடுமே என்று பைக்கு என் பழைய மழைக்கோட்டை மாட்டி, அதன் தொப்பியையும் இழுத்துவிட்டிருந்தேன். குற்றம் அங்கேதான் ஆரம்பம்.

வளைவில் தங்கள் சார்பில் நின்றவர் கையைக் காட்டினார். “என்ன, ட்ரிபிள்ஸா? நடுவுல இருக்கிறவர் எறங்குங்க. ஹெல்மெட் எங்க?”

நடுவில் இருந்தவர் இறங்கவில்லை. சுபாவத்திலேயே அமைதியானவர்.

“அவர்கிட்ட ஹெல்மெட் இருக்கு சார், வயித்துக்குள்ள” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பை திறக்கப்பட்டது. பேடு, கிளவுஸ், மட்டை இரண்டு, கம்பி வைத்த ஹெல்மெட் எல்லாம் ரோட்டோரச் சுவரில் வரிசையாக ஏறின. ஐ.எஸ். 4151 முத்திரை இல்லாத ஹெல்மெட் செல்லாது என்றார். பந்துக்கு அந்த முத்திரை தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. கடைசியாக எல்கார்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது என்ன, மூக்குக்குப் போடறதா?” என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலா வேன் வேகம் குறைத்தது. ஜன்னலுக்கு ஜன்னல் செல்போன். ஊட்டிக்கு வந்தவர்கள் பொட்டானிக்கல் கார்டனைப் பார்க்கும் முன் என் மருமகனின் எல்கார்டைப் பார்த்துவிட்டார்கள்.

தீர்ப்பு இரண்டே வார்த்தை: “பையா, பையனா?” ஒன்றைத்தான் ஏற்றிப் போகலாமாம்.

ஐயா, வீட்டுக்கு வந்து தங்கள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பக்தியோடு படித்தேன். மூன்றாவதாக ஓர் ஆளை ஏற்றினால் 1,000 ரூபாய். லைசென்சுக்கும் மூன்று மாதம் ஓய்வு. ஆனால் ஏற்றிய சரக்கு அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய். அந்தப் பிரிவு லாரியை நினைத்து எழுதியது என்று எனக்குப் புரிகிறது. வளைவில் நிற்பவருக்கும் புரியவேண்டுமே? கிரிக்கெட் மட்டை 38 அங்குலம் வரை இருக்கலாம், அதாவது 96.5 சென்டிமீட்டர். என் ஸ்கூட்டரின் அகலம் சுமார் 70. குறுக்கே வைத்தால் இரு பக்கமும் அரைச் சாண் நீட்டும். ஆக, என் பை ஆளாக இருந்தால் ஆயிரம், பையாகவே இருந்தால் இருபதாயிரம். அதனால்தான் கேட்கிறேன்: தயவுசெய்து அவரை ஆளாக்கிவிடுங்கள். பத்தொன்பதாயிரம் மிச்சம்.

டெலிவரிப் பெட்டிக்கு மட்டும் 2020ல் டெல்லியிலிருந்து அளவு வந்தது: நீளம் 55, அகலம் 51, உயரம் 50 சென்டிமீட்டர். பீட்சா சுகமாக உட்காரும். மட்டையை ரம்பம் போட்டால் அதுவும் உட்காரும். ஸ்னூக்கருக்கே 19ஆம் நூற்றாண்டில் விதி எழுதி மாட்டிய கிளப் இருக்கிற ஊர் ஊட்டி. அந்தக் கோலை ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

தங்களைச் சுமந்துவரும் பல்லக்கை ஒரு நிமிஷம் இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறேன். கிட்பேக் ஆபத்துதான், மறுக்கவில்லை. காலடியில் வைத்தால் ஹேண்டில் முழுசாகத் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் திரும்பாவிட்டால் நாம் வீடு திரும்ப மாட்டோம். தோளில் மாட்டினால் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். தொங்கும் வார் சக்கரத்தில் சிக்கினால் கதை முடிந்தது. தெரிந்தேதான் போகிறோம், வேறு வழி? ஞாயிறு காலை பஸ் எப்போது வரும் என்று பஸ்சுக்கே தெரியாது. வந்தாலும் பையைப் பார்த்ததும் லக்கேஜ் பேச்சு. 1908ல் ஊட்டி வரை வந்த மலை ரயில் லவ்டேலில் இன்றும் நிற்கிறது, சுற்றுலா வருகிறவர்களுக்காக. அன்றைக்கு என் கண்முன்னே கூரையைத் திறந்து மூன்று தலைகளை நீட்டிக்கொண்டு ஒரு கார் போனது. அதற்கு வழிவிட என் ஸ்கூட்டரைத்தான் ஓரம் கட்டச் சொன்னார்கள். மலைப் பிள்ளை விளையாட வேண்டுமானால் அவன் மாமாவிடம் கார் இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதித் தொலையுங்களேன்!

மன்னிக்க வேண்டும். பனி தலைக்கேறிவிட்டது. தங்கள் பெருந்தன்மை உலகறிந்தது.

ஆகவே ஐயா, என் பைக்கு ஆள் அந்தஸ்து வழங்கி, அது முடியாதென்றால் ஸ்கூட்டரில் அதை எங்கே, எப்படிக் கட்டலாம் என்று படம் போட்டு ஒரு பக்கம் அச்சடித்து, வளைவில் நிற்பவர் கையில் ஒன்றும் என் கையில் ஒன்றும் கொடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
மூவரில் ஒருவன்.

பின்குறிப்பு: மொத்த டீமுக்கும் அந்த ஒரு கிட்தான் என்பதால், “நீங்க பையைக் கொண்டு போங்க மாமா, நான் நடந்து வர்றேன்” என்றான் பையன். பை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓப்பனிங் இறங்க வேண்டிய பையன் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது எட்டு விக்கெட் போயிருந்தது.