ஒத்துக்காரனைக் கேளு, பேராண்டி!

ஏண்டா பேராண்டி, செல்போன் ஆப்பைப் பாத்து மூச்சு விடறதுக்கு மாசாமாசம் சந்தா கட்டுறியாமே? உங்கம்மா சொன்னா. சொல்றப்பவே அவளுக்குச் சிரிப்பு தாங்கல. நான் சிரிக்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ எழுந்து உக்காந்து மோட்டுவளையைப் பாத்துக்கிட்டிருக்கிறது திண்ணையில படுத்திருக்கிற எனக்குத் தெரியாதா? கிழவன் தூங்குறான்னு நெனைக்காதே. இந்த வயசுல தூக்கம் ஏது? கண்ணை மூடிக்கிட்டு வீட்டை வேவு பாக்குறோம், அவ்வளவுதான்.

பாட்டையும் தியானத்தையும் சேத்துப் பண்ணினா படபடப்பும் மனச்சோர்வும் குறையுமான்னு கேக்குறே. குறையும்டா. நீ பண்ற தினுசுல பண்ணினா மட்டும் குறையாது.

நீ எப்படிப் பண்றே? காதுல அந்தக் குமிழ் ரெண்டையும் மாட்டிக்கிறே. உள்ளே புல்லாங்குழல் ஓடுது. வெளியே கட்டைவிரல் எவன் கல்யாணப் படத்தையோ தள்ளிக்கிட்டிருக்கு. நடுவுல ஆபீஸ்காரன் 'டிங்'குன்னு ஒண்ணு அனுப்புறான், அவனுக்கும் பதில் போடறே. அரைமணி கழிச்சு, "தியானம் பண்ணினேன் தாத்தா, ஒண்ணும் பிரயோஜனமில்லை"ங்கிறே. பாட்டு தியானம் பண்ணிச்சுடா. நீ எங்கே பண்ணினே?

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னுதானே பாக்குறே? உன் பெரியப்பா மக மனநலம் படிக்கிறாளே, அவ லீவுக்கு வரும்போது கட்டுக்கட்டா காகிதம் கொண்டாருவா. பரீட்சைக்கு அவ உரக்கப் படிப்பா, நான் வெத்தலை போட்டுக்கிட்டே கேப்பேன். அவ மறந்துபோனதுகூட எனக்கு ஞாபகமிருக்கு.

மனக்கவனப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. அதை ஆஸ்பத்திரிக்குள்ளே கொண்டாந்தவர் ஜான் கபாட்-ஸின்னு ஒரு அமெரிக்கக்காரர். 1979, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. தீராத வலின்னு வந்து, வைத்தியம் பாத்தும் கேக்காம நின்னவங்களை உக்கார வெச்சு, மூச்சைக் கவனி, உடம்பைக் கவனின்னு வாரக்கணக்குல பழக்கினார். சரக்கு புத்தரோடது. புத்தகோசர்ங்கிற பௌத்த பிக்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே விசுத்திமக்கங்கிற நூல்ல எழுதி வெச்சிருக்கார்: அடங்காத கன்னுக்குட்டியைத் தூணுல கட்டினா, முதல்ல துள்ளும், இழுக்கும், அறுத்துக்கிட்டு ஓடப் பாக்கும், முடியலைன்னதும் அந்தத் தூணடியிலேயே படுத்துக்கும். மனசும் அப்படித்தானாம். மாடு கட்டத் தெரிஞ்ச எவனுக்கும் இது புரியும். உனக்குப் புரிய வைக்கத்தான் ஆப்புக்காரன் சந்தா கேக்குறான்.

2022-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பதற்ற நோய் இருக்கிற 276 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. இன்னொரு கூட்டத்துக்கு இந்தப் பயிற்சி, 8 வாரம். முடிவுல பாத்தா பயிற்சி மாத்திரைக்குக் கொறைஞ்சு போகலை. இதைக் கேட்டதும் உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாரு! முழுசாக் கேளு. அவங்க வாராவாரம் ரெண்டரை மணி நேரம் வகுப்புக்குப் போனாங்க, வீட்டுல தினம் முக்கால் மணி உக்காந்தாங்க. பஸ்ஸுல ஜன்னலோரமா சாஞ்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடின கணக்கில்லை அது.

பாட்டு வைத்தியத்துக்கும் கணக்கு உண்டு. மனச்சோர்வு நோயாளிகளை வெச்சு நடந்த 9 ஆராய்ச்சிகளை, மொத்தம் 421 பேர், 2017-ல, வைத்திய ஆராய்ச்சிகளை அலசிப் பாக்கிற காக்ரேன்காரங்க ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. வழக்கமான வைத்தியத்தோட இசை வைத்தியமும் சேந்தா, வைத்தியம் மட்டும் நடக்கிறதைவிட கொஞ்ச காலத்துக்காவது நல்லாவே கேக்குதுன்னு சொன்னாங்க. 'சேந்தா'ங்கிறதை அடிக்கோடு போட்டுக்க. பின்லாந்துல 2011-ல 79 பேரை வெச்சு ஒண்ணு நடந்துச்சு. அங்கே நோயாளிங்க பாட்டைக் கேட்டுக்கிட்டு உக்காரலை, பயிற்சி பெத்த வைத்தியரோட உக்காந்து தாங்களே மேளம் தட்டினாங்க. வாயில வராததைக் கையால சொல்லிட்டாங்க போல. நம்ம தெருவுலயும் ஆளுங்க அப்படி இருந்தாங்க. நடவுல குனிஞ்சு நின்னு, மாமியாக்காரியைப் பாட்டாவே திட்டித் தீத்துட்டு, கரையேறிக் கஞ்சி குடிச்சவளுங்க. அவளுங்களுக்குக் கவலையே இல்லைன்னு நான் சொல்லலை. கவலைக்கு ஒரு மெட்டு இருந்துச்சு, கூடப் பாட நாலு பேரு இருந்தாங்க.

இத்தாலியில பாவியாங்கிற ஊர்ல பெர்னார்டின்னு ஒரு டாக்டர். 2001-ல அவரும் கூட்டாளிங்களும் சிலரை லத்தீன்ல ஜெபமாலை சொல்லச் சொல்லியும், திபெத்துக்காரங்க மந்திரத்தைச் சொல்லச் சொல்லியும் பாத்தாங்க. ரெண்டு மதம், ரெண்டு பாஷை. மூச்சு மட்டும் ரெண்டுலயும் ஒரே கணக்கு, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6. இதயமும் ரத்த அழுத்தமும் அந்த நிதானத்தோட இசைஞ்சு போச்சு. ஒரு அடியை இழுத்துச் சொன்னா வெளிமூச்சு தானா நீளுது, அதுதான் சூட்சுமம். மூச்சை எண்ணு எண்ணுன்னு சொன்னா உன்னை மாதிரி படபடப்புக்காரனுக்கு இன்னும் படபடப்பாகும். முணுமுணுத்துப் பாடினா எண்ணாமலே நடந்துடும். உன் குரல் நல்லா இருக்காதுங்கிறது ஊருக்கே தெரியும். பரவாயில்லை, கொல்லையில போய்ப் பாடு. வாழைமரம் எழுந்து போகாது.

அதே பெர்னார்டி 2006-ல இன்னொண்ணு கண்டுபிடிச்சார். 24 பேருக்கு விதவிதமான பாட்டைப் போட்டார், நம்ம சிதார்கூட அதுல இருந்துச்சு. வேகமான பாட்டுக்கு மூச்சும் நாடியும் ஏறிச்சு, மெதுவானதுக்கு இறங்கிச்சு. பிடிச்ச பாட்டா இல்லையாங்கிறதைவிட வேகம்தான் பெருசாப் பேசிச்சு. வேடிக்கை என்னன்னா, நடுவுல 2 நிமிஷம் பாட்டை நிறுத்தினாரே, அப்பத்தான் உடம்பு நல்லா அடங்கிச்சு, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்ததைவிட. நீ என்ன பண்றே? ஒரு பாட்டு முடியறதுக்குள்ளே அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சுடுது. விருந்து முழுக்கச் சாப்பிட்டுட்டு பாயசத்துக்கு முன்னாடி பந்தியைவிட்டு எழுந்துடறே.

இதுக்கு நான் ஒரு வழி சொல்றேன், கேட்டுக்க. கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கிறப்ப பக்கத்துல ஒருத்தர் ஒத்து பிடிப்பார், பாத்திருக்கியா? நீ எங்கே பாத்திருக்கப் போறே, இப்ப சுருதிப் பெட்டி வந்துடுச்சு. நீளமான குழல், விரல் வெச்சு வாசிக்கத் துளை கிடையாது, அடியில இருக்கிற துளையை மெழுகு வெச்சு அடைச்சு சுருதி சேத்துக்குவாங்க. கன்னத்துல காத்தை அடக்கி வெச்சுக்கிட்டு மூக்கால மூச்செடுத்து, மணிக்கணக்கா ஒரே சுரத்தை அறுபடாம ஊதுவார். வித்வான் பிருகா உதிர்ப்பார், சபை தலையாட்டும். தவில்காரர் முத்தாய்ப்பு வைப்பார், சபை எழுந்து நிக்கும். ஒத்துக்காரரை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நீ அவரைப் பாரு.

செல்போன்லயே தம்புரா நாதம் கிடைக்குது. போட்டுக்கிட்டு, போனைக் கவுத்து வெச்சுட்டு, பத்து நிமிஷம் உக்காரு. அந்த ஒரே நாதத்தைக் கேளு. ரெண்டு நிமிஷத்துல மனசு மேனேஜர்கிட்ட ஓடும், வீட்டுக் கடன்கிட்ட ஓடும், பத்தாங்கிளாஸ்ல உன்னை அடிச்ச வாத்தியார்கிட்டகூட ஓடும். ஓடினதைக் கண்டுபிடிச்சதும் திட்டாதே. "ஓடிட்டியா, சரி வா"ன்னு திரும்ப நாதத்துக்கே கூட்டியா. ஓடுறதும் கூட்டியாறதும்தான் பயிற்சியே. ஓடவே கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலை, அதை நீயாத்தான் சேத்துக்கிட்டே. பழகினப்புறம் மேலே ஒரு ஆலாபனையைப் போடு. அதுக்குள்ளேயும் அடியில ஓடற சுருதியைப் பிடி. முடிஞ்சதும் எதையும் போடாம ரெண்டு நிமிஷம் அப்படியே இரு. பெர்னார்டி சொன்ன பாயசம் அதுலதான் இருக்கு.

வார்த்தை இருக்கிற பாட்டு ஆரம்பத்துல வேண்டாம். வார்த்தை கேட்டா உனக்குக் கதை ஓடும், கதையில நீதான் கதாநாயகன், கதாநாயகன் எப்பவும் அழுதுக்கிட்டுத்தான் இருப்பான். ராத்திரியில அந்தக் காதல் தோல்விப் பாட்டையே பதினேழு தரம் சுத்த விடறியே, அது தியானம் இல்லடா, ரணத்தைச் சொறியறது. அழறதே தப்புன்னு சொல்லலை. உன் கொள்ளுப்பாட்டி ஒப்பாரி வெச்சா தெருவே வந்து சேந்து அழும். கட்டிப்பிடிச்சு, பேர் சொல்லி, செத்தவன் பண்ணின அழிச்சாட்டியத்தையும் சேத்துப் பாடி அழுது முடிச்சுட்டு, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு அடுத்த வேலையைப் பாப்பாளுங்க. தனியாக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதா முடிவே வராது.

ஏமாத்துக்காரனுங்களையும் சொல்லிடறேன். 432 ஹெர்ட்ஸ்ல கேட்டா கவலை பறந்துடும்னு ஒருத்தன் விக்கிறான். நம்ம ஊர் பாடகர் ஒருத்தர் ஒரு கட்டைல பாடுவார், அம்மா ஒருத்தங்க அஞ்சு கட்டைல பாடுவாங்க, அவங்கவங்க தொண்டைக்குத் தக்கபடி சுருதி. ஒரே எண்ணுலதான் சாந்தி இருக்குன்னா கர்நாடக சங்கீதக் கச்சேரி கேட்ட எவனுக்கும் மனசு ஆறியிருக்கக் கூடாதே! இன்ன ராகம் ரத்த அழுத்தத்துக்கு, இன்ன ராகம் சர்க்கரைக்குன்னு அட்டவணை போட்டுக் கொடுக்கிறவனும் இருக்கான். நீலாம்பரியில தாலாட்டுப் பாடறது வழக்கம்தான். அதுக்காக அதை ரெண்டு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம்னு சீட்டுல எழுதறவனை நம்பாதே.

இதெல்லாம் பண்ணியும் கண்ணை மூடினா பயம் கூடுதா? சிலருக்குக் கூடும். பழைய அடி ஏதாவது உள்ளே இருந்தா அமைதியிலதான் அது தலை தூக்கும். உடனே கண்ணைத் திற, எழுந்து நட, நடந்துக்கிட்டே கேளு. வீம்புக்கு உக்காராதே. தவம் பண்ணி வரம் வாங்க வேண்டிய அவசியம் உனக்கில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, "தாத்தா பாட்டு கேக்கச் சொன்னார்"னு நிறுத்தினே, முதல் அடி என் கைத்தடியிலதான். அதைக் குறைக்கிறதும் நிறுத்துறதும் டாக்டர் வேலை. எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கமில்லாம, சோறு இறங்காம ரெண்டு வாரம் போச்சுன்னா, அது சோம்பேறித்தனமும் இல்லை, கிரகமும் இல்லை, நோய். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் உக்காந்திருக்கார், நான் கூட வரேன். உங்கம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னா சொல்லலை.

செத்துடலாம்னு ஒரு நெனைப்பு வந்தா பாட்டையும் தம்புராவையும் தூக்கிப் போட்டுட்டு என்னை எழுப்பு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நீ பட்டணத்துல இருக்கிறப்ப வந்துச்சுன்னா 14416-க்கு அடி. டெலி மானஸ்னு சர்க்கார் நடத்துறது. ராப்பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.