ஜி43 இருக்க பயமேன்?

கே: டூல் லெங்த் ஆஃப்செட் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள் பார்ப்போம்!
– டிப்ளமோ மாணவர், கோவை

ப: ஸ்பிண்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் மெஷினுக்குத் தெரியும், அதில் தொங்குவது 80 மி.மீ. எண்ட் மில்லா 180 மி.மீ. டிரில்லா என்பதை நாம்தான் சொல்லவேண்டும். ஒரே வரிதான், கொஞ்சம் நீளம்.

கே: எங்கள் செட்டர் அண்ணன் ஒவ்வொரு டூலையும் ஜாப் தலையில் தொட்டுத்தான் ஆஃப்செட் எடுக்கிறார். தப்பா?
– டிரெயினி, ஓசூர்

ப: தப்பில்லை, தண்டம். இன்றைக்கு 40 மி.மீ. கட்டை, 12 டூல். நாளைக்கு 45 மி.மீ. கட்டை வந்தால் 12 டூலையும் மறுபடி தொடவேண்டும். டூலின் நீளத்தையும் ஜாப்பின் உயரத்தையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பியதற்கான கூலி அது. இன்னொரு கூத்தும் உண்டு. ஃபேஸ் மில் ஜாப் தலையைச் சீவிவிட்டுப் போனபிறகு 7-ஆம் டூல் உடைகிறது. புது டூலை எதில் தொடுவார் அண்ணன்? தலைதான் போய்விட்டதே!

டேபிளில் 50 மி.மீ. டயல் செட்டர் ஒன்றை வையுங்கள். எல்லா டூலையும் அதில் தொட்டு எடுங்கள். செட்டர் மட்டத்திலிருந்து ஜாப் தலை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை மட்டும் ஜாப் ஸீரோவான ஜி54-இன் இசட்டில் போடுங்கள். ஜாப் மாறினால் மாறுவது அந்த ஒரு எண். டூல் உடைந்தால் உடைந்ததை மட்டும் அளந்தால் போதும். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், டீ நேரத்தில்.

கே: பேப்பர் வைத்துத் தொடலாமா?
– ஆபரேட்டர், அம்பத்தூர்

ப: தொடலாம். தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. எல்லா டூலையும் ஒரே தாளில் தொட்டால் எல்லாம் ஒரே அளவு பொய் சொல்லும், சமாளிக்கலாம். பகல் ஷிஃப்ட் தாளிலும் நைட் ஷிஃப்ட் 10 மி.மீ. பின்னிலும் தொட்டுவிட்டுக் கணக்கில் கழிக்க மறந்தால், ஜாப்பில் படிக்கட்டு. பின் உருட்டுகிறவர்கள் டூலை அதன் மேல் இறக்கவேண்டாம். தாழ்வாக நிறுத்தி, 0.01 0.01-ஆக மேலே ஏற்றி, பின் நுழையும் இடத்தில் நிறுத்துங்கள். கார்பைட் நுனி உடைவது இறங்கும்போதுதான்.

கே: 'இன்புட்', '+இன்புட்' எல்லாம் ஒன்றுதானே?
– புது ஆபரேட்டர், திருமுடிவாக்கம்

ப: ஐயோ! ஆஃப்செட் 165.000. ஆழம் 0.02 கூட்டவேண்டும். −0.02 அடித்து '+இன்புட்' தட்டினால் 164.980. வெறும் 'இன்புட்' தட்டினால் டூல் நீளமே −0.02 ஆகிவிடும். மெஷின் அதையும் நம்பி 165 மி.மீ. கூடுதலாக இறங்கும். வைஸ் புதுசா?

கே: ஜி43 போட்டாச்சு. இனி பயமில்லைதானே?
– புரோகிராமர், கணபதி

ப: ஸ்பிண்டிலில் டி05, புரோகிராமில் எச்06 என்றால்? எந்த எச் எண்ணைக் கேட்டீர்களோ அந்த ஆஃப்செட்டைத்தான் ஜி43 கொடுக்கும். சரியா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. சிங்கிள் பிளாக், ரேப்பிட் 25 சதவீதம். ஜி43 எச்05 இசட்100. வரி முடிந்ததும், ஸ்பிண்டில் நின்றிருக்க, நுனிக்கும் ஜாப் ஸீரோவுக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேல் பிடியுங்கள். 100 காட்டினால் ஓட்டுங்கள். 60 காட்டினால் ஆஃப்செட் பக்கத்தைத் திறங்கள்.

கே: டிரில் நுனியைத் தொட்டுத்தான் எடுத்தேன். ஓட்டையின் நேர்ச்சுவர் ஆழம் குறைகிறதே?
– ஆபரேட்டர், ஓசூர்

ப: 118 டிகிரி டிரில்லின் கூம்பு, விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. 10 மி.மீ. டிரில்லுக்கு 3 மி.மீ. அதைப் புரோகிராமில் சேருங்கள், ஆஃப்செட்டைத் தொடாதீர்கள்.

கே: காலையில் எடுத்த ஆஃப்செட் மதியம் மாறுகிறது. மெஷினில் பேய் இருக்கிறதா?
– முதலாளி, கோவை

ப: இருக்கிறது, பெயர் சூடு. ஓட ஓட ஸ்பிண்டில் சூடேறி நீளும், டூல் சில மைக்ரான் ஆழமாக வெட்டும். வார்ம்-அப் ஓட்டிவிட்டு ஆஃப்செட் எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் மாறினால் ஹோல்டர் டேப்பரில் சிப் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழம் ஆயுத பூஜைக்கு வாங்கினால் போதும்.